சம்பள நாள் தள்ளிப்போனால்: கீழ்நிலை லீக் கழகங்களில் நாங்கள் கண்டது

கணக்குப் பிரிவில் இருந்தவர்

இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் நிலை, அதாவது லீக் டூ. அதில் ஆடும் ஒரு கழகத்தின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நல்லவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கால்பந்து வீரர் என்றாலே பணத்தில் புரள்பவர் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கையில் இருந்த சம்பளப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. அனுபவமுள்ள ஒரு மின்பணியாளர் சம்பாதிப்பதைவிடச் சற்றே கூடுதலாக வாங்குகிற இளைஞர்கள்தான் அதில் பாதிப் பேர். ஆனாலும் அந்தச் சிறிய தொகைகளைக் கூட்டினால் கழகத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோகும்.

சீசன் டிக்கெட் பணம் கோடையில் மொத்தமாக வந்து சேரும். ஜூலையில் வங்கி இருப்பைப் பார்ப்பவருக்குக் கழகம் செழிப்பாக இருப்பதாகவே தோன்றும். உண்மையில் அது அடுத்த மே மாதம் வரை வைத்துப் பிழைக்க வேண்டிய பணம். பழைய பாக்கிகளை அடைப்பதற்கே அதில் ஒரு பெரும்பகுதி போய்விடும். அதன்பிறகு சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் வசூலை நம்பித்தான் வண்டி ஓட வேண்டும். ஜனவரியில் தரை உறைந்து இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போனால் அந்த மாதத்து வசூல் வராது. சம்பளத் தேதி மட்டும் தள்ளிப்போகாது. மாதக் கடைசி வாரத்தில் உரிமையாளருக்குத் தொலைபேசி போகும். துண்டு விழும் தொகையைச் சொல்லிவிட்டு, பதிலுக்காக அறையில் இருக்கும் எல்லோரும் பேசாமல் காத்திருப்போம்.

பணம் போதாத மாதத்தில் முதலில் யாருக்குக் கொடுப்பது? வீரர்களுக்கு. இரக்கத்தால் அல்ல. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளே சொல்கின்றன. விற்றுக் காசாக்கக்கூடிய சொத்து என்று கழகத்திடம் இருப்பது அந்த வீரர்கள்தான். அவர்களை இழக்க எந்த உரிமையாளரும் துணிய மாட்டார்.

அடுத்த இடம் வரித்துறைக்கு, ஆனால் அதுவரை பணம் மிஞ்சுவதில்லை. சம்பளச் சீட்டில் வரி பிடித்ததாக அச்சாகியிருக்கும், பிடித்த பணம் போய்ச் சேர்ந்திருக்காது. கீழ்நிலைக் கழகத்தின்மேல் கலைப்பு மனு என்று செய்தி வந்தால் மனுதாரர் பெரும்பாலும் வரித்துறையாக இருப்பது இதனால்தான். கழகம் திவால் நிர்வாகத்துக்குப் போனால் வீரர்களின் பாக்கியையும் மற்றக் கழகங்களுக்கான பாக்கியையும் முழுமையாகத் தீர்க்க வேண்டும் என்பது கால்பந்து லீக்கின் விதி. அதை எதிர்த்து நீதிமன்றம் போன வரித்துறை 2012இல் தோற்றது. 2020 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, சம்பளத்தில் பிடித்த வரிக்கு மற்றச் சாதாரணக் கடன்காரர்களைவிட முன்னுரிமை கிடைத்தது. அதனால் வரிசையில் இன்னும் பின்னால் தள்ளப்பட்டவர்கள் யார்? இறைச்சி கொடுத்தவர், அச்சகக்காரர், பேருந்து வாடகைக்கு விட்டவர்.

எங்கள் கழகத்தில் சீருடைகளைத் துவைக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். ஆட்ட நாளில் உடைமாற்றும் அறையில் எண் வரிசைப்படி சட்டைகளை மாட்டி, எண் எல்லோருக்கும் தெரியும்படி முதுகுப்புறத்தைத் திருப்பி, கசங்கலைக் கையால் நீவிவிட்டுத்தான் வெளியே வருவார். சம்பளம் தவறிய ஒரு வெள்ளிக்கிழமை என் அறை வாசலில் நின்று, "இந்த வாரம் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டார். மறுநாளும் சட்டைகள் அதே ஒழுங்கில் தொங்கின. வீரர்களின் பாக்கி பத்திரிகையில் தலைப்பாகிறது. இவர்களுடைய பாக்கியைப் பற்றி எழுத ஆளில்லை. 2019இல் போல்டன் வாண்டரர்ஸ் கழகத்தில் ஊதியம் வராத ஊழியர்களுக்காக உணவு வங்கி திறக்க வேண்டி வந்தது. ஒரு காலத்தில் முதல் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடிய கழகம் அது.

முன்னாள் வீரர், இடது பின்களம்

மேலே எழுதிய ஐயா சொன்னதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. மே மாதம் யாரை வைத்துக்கொள்கிறார்கள், யாரை விடுவிக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதுவரை வாடகை வீட்டைப் புதுப்பிப்பதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எதையும் முடிவெடுக்க முடியாது. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், ஒப்பந்தத்தில் ஏழு மாதம்தான் மிச்சம் என்பதை வங்கி அதிகாரி விரல் வைத்துக் காட்டுவார்.

அடிப்படைச் சம்பளம் குறைவு. ஆடினால் இவ்வளவு, வென்றால் இவ்வளவு என்று போனஸ். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் கணுக்கால் வீங்கியிருப்பதைச் சொல்ல வாய் வராது. சொன்னால் அடுத்த மூன்று வாரத்துக்கு ஆட்டப் பணம் போய்விடும். மருந்தை விழுங்கிக்கொண்டு களமிறங்கியவர்கள் என்னோடு பலர் இருந்தார்கள், நானும் இறங்கினேன். கழகம் மிச்சம் பிடித்த பணத்தை எங்கள் மூட்டுகள் கட்டின.

நான் இருந்த ஒரு கழகத்தில் சம்பளம் நின்றது. முதலில் "வங்கியில் சிறு தாமதம்" என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த வாரம் "வெள்ளிக்கிழமை நிச்சயம்". அப்புறம் செய்தியே இல்லை. உடைமாற்றும் அறையில் என்ன நடக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேல்நிலைக் கழகத்திலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக இரவலாக, வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவனுடைய தாய்க் கழகம் தேதி தவறாமல் சம்பளம் போட்டுவிடும். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டுகிற, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு வந்திருக்காது. இருவரும் ஒரே தற்காப்பு வரிசையில் ஆட வேண்டும். அந்தப் பையன் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூசினான். அவன்மேல் என்ன தப்பு? எங்களுக்குள் சிலருக்கு வீரர்கள் சங்கம் கடன் கொடுத்துத்தான் வாடகையைக் கட்ட முடிந்தது.

ஆடாமல் இருந்துவிடலாமே என்று கேட்பார்கள். இருந்திருக்கிறார்கள். 2019 நவம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் வீரர்கள் சம்பள பாக்கிக்காக, பல நிலைக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் ஓர் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். இளையோரையும் லோன் வீரர்களையும் வைத்து இறங்கிய கழகம், தன்னைவிடக் கீழ்நிலையில் ஆடும் கிங்ஸ்டோனியனிடம் சொந்த மைதானத்திலேயே 4–0 என்று தோற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் கழகத்தைக் கலைத்தது. கடன் ஐந்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். பிரீமியர் லீக்கின் ஒரு நட்சத்திரத்துக்குச் சில வாரச் சம்பளம் அது. நூற்றாண்டு கடந்த கழகம் அந்தத் தொகைக்காகப் போயிற்று என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இது ஒரே ஒரு நாட்டின் கதையும் அல்ல. உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் நடத்திய ஆய்வில், முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். மாதம் ஆயிரம் டாலருக்குக் கீழே வாங்குகிறவர்கள் 45 சதவீதம்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1961 வரை இங்கிலாந்தில் வாரம் 20 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. வீரர்கள் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் போராடித்தான் அந்தத் தளை அறுந்தது. 2020 ஆகஸ்டில், ஒரு கழகத்தின் மொத்த வீரர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று மறுபடி வரம்பு போட்டுக்கொண்டார்கள்: மூன்றாம் நிலையான லீக் ஒன்னில் 25 லட்சம் பவுண்டு, லீக் டூவில் 15 லட்சம் பவுண்டு. சங்கம் எதிர்த்தது, 2021 பிப்ரவரியில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த சீசனில் சண்டர்லேண்டும் லீக் ஒன், ஆக்ரிங்டன் ஸ்டான்லியும் லீக் ஒன். ஒன்றின் அரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். மற்றதில் அதில் எட்டில் ஒரு பங்கு பேர் கொள்வதே அரிது. இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் அது சிக்கனம் ஆகாது. வருமானத்தோடு கட்டிவைத்த வரம்பு என்றால் நானே கையெழுத்துப் போடுவேன்.

இளையோர் பயிற்சியாளர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பணம் தீர்ந்த கழகத்தில் மூத்தவர்கள் போன பிறகு கடைசிச் சுமை பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் தோளில் ஏறும். 2019 ஆகஸ்டில் போல்டன் தன் வரலாற்றிலேயே மிக இளைய அணியை இறக்கிக் கோவென்ட்ரியோடு 0–0 என்று சமன் செய்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஐந்தைந்து கோல்கள் வாங்கித் தோற்ற பிறகு, பையன்களின் உடல்நலம் கருதிக் கழகமே ஓர் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியின் மூன்றாம் நிலையில் ப்ரோ பியாசென்சா ஏழு இளைஞர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி 20–0 என்று தோற்றது. பிறகு லீக்கைவிட்டே நீக்கப்பட்டது. என் மாணவன் ஒருவனை இப்படி அவசரமாக மூத்தோர் அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். தயாராக இல்லை என்று அவன் தாயிடம் நான் சொன்னேன். அவனுக்குச் சம்பளமும் சரியாக வரவில்லை, உடம்பும் தாங்கவில்லை. இப்போது வேறு தொழிலில் இருக்கிறான்.

ரசிகர் அறக்கட்டளை உறுப்பினர்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். உரிமையாளர் யார், எவ்வளவு பெரிய பணக்காரர் என்று கேட்பதை ரசிகர்கள் நிறுத்த வேண்டும். அடுத்த மாதச் சம்பளம் எந்த வருமானத்திலிருந்து வரப்போகிறது என்று கேட்க வேண்டும். இதைப் பல கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன்.

பரி கழகத்தைப் பாருங்கள். 1885இல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பையை 1900இலும் 1903இலும் வென்றது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அந்த சீசனின் கடைசி மாதங்களில் சம்பளம் சரியாக வராமலே ஆடிய வீரர்கள் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். ஏறிய சில மாதங்களில், 2019 ஆகஸ்ட் 27 அன்று, லீக் கழகத்தை நீக்கியது. அன்று காலையில்கூட ரசிகர்கள் வாளியும் துடைப்பமுமாக வந்து கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்ற நம்பிக்கையில். மாலையில் பேச்சுவார்த்தை முறிந்தது. பரி என்ற பெயரில் ஓர் அணி மறுபடி அந்த மைதானத்தில் ஆட 2023 வரை காத்திருந்தார்கள், அதுவும் ஒன்பதாம் நிலையில்.

விதி இல்லாமல் இல்லை. லீக் ஒன்னில் வருமானத்தின் 60 சதவீதத்துக்குள்ளும் லீக் டூவில் 50 சதவீதத்துக்குள்ளும் வீரர் சம்பளம் இருக்க வேண்டும் என்று அப்போதே விதி இருந்தது. ஆனால் உரிமையாளர் பங்காகவோ நன்கொடையாகவோ போடுகிற பணமும் வருமானம் என்றே கணக்கில் ஏறியது. அதாவது, அவர் கொடுப்பேன் என்று சொன்னால் அதை நம்பி மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதலாம். அவர் மனம் மாறினாலோ அவருடைய தொழில் படுத்தாலோ ஒப்பந்தம் மட்டும் அப்படியே நிற்கும். பக்கத்துக் கழகமும் அதையே செய்யும்போது நாம் மட்டும் ஒதுங்கி நின்றால் கீழே இறங்கிவிடுவோம் என்ற பயம்தான் எல்லோரையும் இதில் தள்ளுகிறது.

எக்ஸெட்டர் சிட்டி மாதிரியானவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2003இல் ஐந்தாம் நிலைக்கு விழுந்து, கடனில் மூழ்கி, ரசிகர் அறக்கட்டளையின் கைக்கு வந்த கழகம் அது. 2005 ஜனவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு எஃப்.ஏ. கோப்பையில் 0–0 என்று சமன் செய்து, அதையும் அதன் மறு ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு ஆட்டங்களின் வருமானத்தை வைத்துக் கடனை அடைத்தார்கள். புதிய முன்கள வீரரை வாங்க அந்தப் பணத்தை இறைக்கவில்லை. பிறகு சொந்தப் பையன்களை வளர்த்தார்கள். ஒல்லி வாட்கின்ஸை 2017இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, மறுவிற்பனையில் ஒரு பங்கு என்று எழுதி வாங்கினார்கள். 2020இல் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது அந்தப் பங்கு வந்து சேர்ந்தது. 2022இல் லீக் ஒன்னுக்கு ஏறினார்கள். விரலுக்கேற்ற வீக்கம். மெதுவான வழி, பல சீசன்களில் அலுப்பூட்டும் வழி, ஒப்புக்கொள்கிறேன். ரசிகர் உரிமைக்கும் எல்லை உண்டு: போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013இல் கழகத்தைக் காப்பாற்றினார்கள், மேலே ஏறப் பெரிய முதலீடு வேண்டும் என்று 2017இல் அவர்களே வாக்களித்து விற்றார்கள். அது அவர்களாகத் தெரிந்து எடுத்த முடிவு என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி இங்கிலாந்தின் முதல் ஐந்து நிலைக் கழகங்களுக்கும் தனி ஒழுங்காற்று அமைப்பு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். உங்கள் கழகத்தின் ஆண்டுக் கணக்கு நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், எடுத்துப் பாருங்கள். கணக்கு தாமதமாகத் தாக்கலாகியிருக்கிறதா? மைதானத்தின் மேல் அடமானம் பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில்? இயக்குநர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகியிருக்கிறார்களா? பரியில் வாகன நிறுத்துமிடத்தைக்கூடத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். அது வெளியில் தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது.

எங்கள் கழகத்தின் கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கோல் அடிக்கிற ஒருவரை வாங்கியே தீர வேண்டும் என்று பாதி அரங்கு எழுந்து நின்றது. பொருளாளர் பட்ஜெட் தாளை உயர்த்திக் காட்டி, இதில் இடமில்லை என்றார். கூச்சல் எழுந்தது. நான் அவர் பக்கம் வாக்களித்தேன். அணி அட்டவணையின் நடுவில் முடித்தது. எல்லாருக்கும், சீருடை துவைப்பவர் உட்பட, ஒவ்வொரு மாதமும் தேதியில் சம்பளம் போனது. வரும் கூட்டத்திலும் அப்படியே வாக்களிப்பேன். அடுத்த மாதச் சம்பளம் எந்த வருமானத்திலிருந்து வரும் என்று உங்கள் கழகத்தின் பொருளாளரிடம் கேட்டவர்கள் இருந்தால், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள்.