பாம்பேன்னு தேடினா ஊரே வந்து நிக்குது: ரத்த டோனர் லிஸ்ட்ல டேக் போட்ட அனுபவம் சொல்லுங்க

தாராவிக்காரன்:
ராத்திரி பதினொண்ணரை இருக்கும், சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இருந்து போன், பிரசவம், பாம்பே குரூப்னு ஒரு அபூர்வ ரத்தவகை, அது உடனே வேணும். நம்ம லிஸ்ட்ல பாம்பேன்னு அடிச்சா நானூறு பேருக்கு மேல வந்துட்டாங்க, பூரா ஊர் பேருக்குப் போட்ட டேக். 1995லயே பேர மாத்தியாச்சு, ஆனா நம்ம சனங்க வாயில இன்னும் பாம்பே தானே. நான் கோலிவாடா, முலுண்ட், டோம்பிவிலின்னு தள்ளிட்டே இருக்கேன், அந்தப் பொண்ணோட தம்பி லைன கட் பண்ணாமலே "கெடச்சிட்டா அண்ணாச்சி, கெடச்சிட்டா"ன்னு கேட்டுட்டே இருந்தான். கடைசில ரெண்டு மணிக்கு வேற ஒரு ரத்ததானக் குழுக்காரங்க நோட்டுலேர்ந்து நம்பர் எடுத்துக் குடுத்தாங்க, பொண்ணு பொழச்சுது. அவன் குரல் மட்டும் போகவே மாட்டேங்குது.

மாட்டுங்கா ராஜி:
எங்களுக்கு பிளஸ் குறியால வந்த வினை. ஓ+ னு ஹாஷ்டேக் போட்டா அந்தக் குறி வெட்டுப்பட்டு வெறும் ஓ தான் நிக்கும், நெகட்டிவும் அதே கதி. நெகட்டிவ்னு நம்பி ஒருத்தரக் கூப்பிட்டோம், கல்யாண்லேர்ந்து லோக்கல் ரயில்ல நின்னுட்டே வந்தார், பிளட் பேங்க்ல கார்ட நீட்டறார், பாசிட்டிவ். அவர் முகம் அப்படியே வாடிப்போச்சு.

செம்பூர் வாசி:
தாராவி அண்ணே, தப்பு சனங்க மேல இல்ல, ஆளாளுக்கு இஷ்டத்துக்கு டேக் போட விட்டது தான். பாம்பே குரூப்ப 1952ல நம்ம பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரில தான் டாக்டர் பேண்டே கண்டுபிடிச்சார், அதனால அந்தப் பேரு. சாதா டெஸ்ட்ல ஓ மாதிரியே காட்டும், ஆனா ரத்த அணு மேல இருக்கற ஹெச் ஆன்டிஜென்ங்கற பொருளே இருக்காது, ஓ ரத்தத்துல அது இருக்கும், அதனால ஓ ரத்தம் ஏத்தினாலும் ஆபத்து. அதனால ஓ டேக்ல சேத்துடாதீங்க, 'பாம்பே ரத்தவகை'ன்னு தனியா வைங்க. ராஜி அக்கா, பிளஸ் போடாம 'ஓ_பாசிட்டிவ்'னு எழுத்தால எழுதுங்க. இன்னொண்ணு, கோலிவாடால இருக்கற 'கோ'வ ஒரு கீபோர்டு ஒரே குறியா போடும், இன்னொண்ணு கொம்பு தனி கால் தனியா போடும், பாக்க ஒண்ணு தான், ஆனா சில சாஃப்ட்வேர்ல தேடினா பாதிப் பேர் வரமாட்டாங்க. டைப் பண்ண விடாம பட்டியல்லேர்ந்து தொட்டு எடுக்க வைங்க. கடைசியா குடுத்த தேதிய டேக்ல போடவே போடாதீங்க, ஆம்பளைக்கு 90 நாள், பொம்பளைக்கு 120 நாள் இடைவெளி வேணும், தேதிக்குத் தனிக் கட்டம் இருந்தா தான் கணக்கு நிக்கும்.

தாராவிக்காரன்:
சரிதான் தம்பி. போன வாரம் ஊர் டேக்கயெல்லாம் மும்பைன்னு மாத்தலாம்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டு இருந்தேன். அண்டாப் ஹில்ல ஒரு அண்ணாச்சி, "அத மாத்தாதய்யா, நான் போட்டது ஊருக்கு இல்ல, என் ரத்தத்துக்கு"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி நான் தள்ளிவிட்ட நானூறு பேர்ல அவரும் இருந்திருக்காரு.