சென்னை – யாழ்ப்பாணம் ஃபிளைட்: 355 கி.மீ.க்கு ஏன் ஒன்னேகால் மணி நேரம்?

அடையார்வாசி:
அம்மாவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கத்துல சுன்னாகம், ரொம்ப வருஷம் கழிச்சு கூட்டிட்டுப் போகப் போறேன், வயசு எழுபத்தஞ்சு தாண்டிருச்சு, முழங்கால் வலி வேற. சென்னைல இருந்து பலாலிக்கு (அதான் யாழ்ப்பாணம் ஏர்போர்ட்) நேர்கோட்டுல 355 கி.மீ. தான் காட்டுது, கொழும்புக்கு 650 பக்கம். ஆனா டிக்கெட்ல ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே டைம் போட்டிருக்கான், ஒன்னேகால் மணிக்கு மேல. தூரம் பாதிதானே, சுத்திப் போறாங்களா? அம்மாவுக்கு எது வசதி?

ரன்வே07:
சுத்தியெல்லாம் போகல சார். சென்னையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை, 80 டிகிரி கிழக்கு, நேரா தெற்க பாத்து போனா போதும். விஷயம் விமானத்துல இருக்கு. கொழும்புக்குப் போறது ஜெட், மணிக்கு 800 கி.மீ.க்கு மேல பறக்கும், பலாலிக்கு விடறது ஏடிஆர் 72, ப்ரொப்பல்லர் வண்டி, 500 கி.மீ. தான் அதோட வேகம். பலாலி ஓடுபாதை சின்னது, பெரிய ஜெட் இறங்காது. அப்புறம் டிக்கெட்ல போடற டைம் பறக்கற நேரம் இல்ல, இங்க ஏர்போர்ட் கேட்டை விட்டு விமானம் நகர்றதுல இருந்து அங்க போய் நிக்கற வரைக்கும், டாக்ஸி பண்றது (விமானம் ரன்வே வரைக்கும் தரையில ஓடறது), சென்னைல டேக்ஆஃப்க்கு க்யூல நிக்கறது எல்லாம் சேர்த்து. வானத்துல இருக்கறது ஒரு மணி நேரத்துக்குள்ளதான். திருச்சி – பலாலி நேர்கோட்டுல 185 கி.மீ. கூட வராது, ஆனா 2025ல அந்த சர்வீஸ் ஆரம்பிச்சப்ப அதுக்கும் ஒரு மணி நேரம் பக்கம்தான் போட்டாங்க, ஏன்னா தூரம் பாதியானாலும் ஏர்றதும் இறங்கறதும் பாதியாகாது.

வலிகாமத்தான்:
நான் யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். அண்ணை, அம்மாவைக் கொழும்பாலை கொண்டு வராதேங்கோ. கொழும்பு எயார்போட் இருக்கிற கட்டுநாயக்காவில இறங்கினாப் பிறகு 400 கிலோமீற்றருக்குக் கிட்ட ரோட்டால வரவேணும், பஸ்ஸோ வானோ எட்டு மணித்தியாலமாவது போகும், முழங்கால் நோவோட ஏலாது. பலாலியில இறங்கினால் சுன்னாகம் கிட்டத்தான், அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை. சின்ன எயார்போட், கன தூரம் நடக்கத் தேவையில்லை. வீல் செயர் டிக்கெட் போடேக்கையே சொல்லி வையுங்கோ.

பழைய_மெட்ராஸ்:
இந்த ரூட் புதுசுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இலங்கையோட அந்தக்கால விமான கம்பெனி ஏர் சிலோன் 1947 டிசம்பர்ல பறந்த முதல் சர்வீஸே ரத்மலானை (கொழும்பு பக்கம்) – காங்கேசன்துறை (பலாலி பக்கம்) – மெட்ராஸ் தான், டகோட்டா விமானம். போர்ல எல்லாம் போச்சு. 2019 அக்டோபர்ல பலாலியை சர்வதேச விமான நிலையமா திறந்து நவம்பர்ல சென்னை ஃபிளைட் வந்துச்சு, கொரோனால நின்னுச்சு, திரும்ப 2022 டிசம்பர்ல தான். அந்த நடுவுல எத்தனையோ பெத்தவங்க கொழும்பு சுத்திப் போய் கஷ்டப்பட்டாங்க, அதனால இருக்கற நேரடி ஃபிளைட்ட தயவுசெஞ்சு பயன்படுத்துங்க, கூட்டம் இருந்தாதான் விடுவாங்க.

அடையார்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், பலாலியே போட்டுடறேன். ஏடிஆர்ல படி ஏறணுமா?

ரன்வே07:
ஆமா, ஆனா பின்பக்கக் கதவோட சேர்ந்த சின்னப் படி, நாலஞ்சு தான். பின்வரிசை சீட் வாங்குங்க, உள்ள நடக்கவும் வேணாம். போகும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்க, வெயில் நல்லா இருந்தா புதுச்சேரி, கடலூர், கோடியக்கரை வரைக்கும் கரை தெரியும். லக்கேஜ் லிமிட் சின்ன விமானத்துல கம்மியா இருக்கும், டிக்கெட்ல போட்டிருக்கற கிலோவ பாத்துட்டு பேக் பண்ணுங்க.