புதுப்பிப்பு: நைட்ரஜன் சிலிண்டர் வயர்லெஸ் அழுத்தமானி சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: காரைக்குடியில் எங்கள் ஆய்வக நைட்ரஜன் சிலிண்டரின் வயர்லெஸ் சென்சார் அடிக்கடி தொடர்பு அறுந்துபோகிறது, இரவில் அழுத்தமும் இறங்குகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. சென்சார் அனுப்பும் அலையை வாங்கும் ரிசீவரை இடம் மாற்றச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ரிசீவர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது, நடுவில் பழைய வீட்டுக்கே உரிய கனமான சுவர் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு உலோகம் பெரிய தடை. சிலிண்டர் நேராகத் தெரியும்படி கதவு நிலைக்கு மேல் ரிசீவரை மாட்டினேன். 12 நாளாக ஒரு பதிவும் விடுபடவில்லை.

எதிர்பாராதது இரவு அழுத்தம்தான். கசிவு என்றே பயந்தேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழியும் வரவில்லை. வெயிலில்தான் விஷயம். சிலிண்டர் வெளிக்கொட்டகையில் நிற்கிறது. மதியம் 37 டிகிரியில் 120 பார் (அழுத்த அலகு) காட்டுவது, விடியற்காலை 26 டிகிரியில் 116 பக்கம் வந்துவிடும். மூடிய கலனில் வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், மதியம் மறுபடி ஏறிவிடுகிறது. அதனால் இப்போது தினமும் காலை 7 மணி அளவை மட்டும் ஒப்பிடுகிறேன்.

சிலிண்டர் வால்வில் டெஃப்லான் டேப் சுற்றச் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். டேப் துணுக்கு பிய்ந்து ரெகுலேட்டருக்குள் (அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) போய்விடும்.