வாக்கிங் ஆரம்பிச்சா பத்து நாள்ல நின்னுடுது, நீங்கல்லாம் எப்படி விடாம நடக்கறீங்க?

வேளச்சேரிவாசி:
வயசு 42, ஐடி வேலை, நாள் முழுக்க சேர்லதான். போன மாசம் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 6.1னு வந்துச்சு, சுகர் வர்றதுக்கு முந்தின கட்டமாம், மாத்திரை இப்போ வேணாம், தினம் நடங்கன்னுட்டாரு டாக்டர். நானும் புது ஷூ, புது வாட்ச் எல்லாம் வாங்கி அஞ்சரைக்கு அலாரம் வெச்சு, பத்தாயிரம் ஸ்டெப் ஆகாம வீட்டுக்கு வரதில்லன்னு சபதம் போட்டு கிளம்பினேன். ஒன்பதாவது நாள் மழை, பத்தாவது நாள் முழங்கால் வலி, அதோட சரி. நிஜமாவே கேக்கறேன், இதுல சந்தோஷம்னு ஏதாவது இருக்கா, இல்ல எல்லாரும் கஷாயம் மாதிரி கண்ண மூடிட்டு குடிக்கறீங்களா?

லஸ்கார்னர்:
தம்பி, முதல்ல அந்த பத்தாயிரத்த விடுங்க. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ற கருவி வித்தாங்க, அதோட பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சாங்க, அங்கேர்ந்து கிளம்பின நம்பர் அது. உலக சுகாதார நிறுவனம் கேக்கறது வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அரைமணி நேரம், அஞ்சு நாள். வேகம் எவ்வளவுன்னா, நடக்கும்போது பேச முடியணும், பாட வரக்கூடாது, அவ்வளவுதான். உட்கார்ந்தே இருந்த கால் திடீர்னு பத்தாயிரம் போட்டா முழங்கால் கத்தத்தான் செய்யும், 15 நிமிஷத்துல ஆரம்பிங்க, வீக்கம் இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நான் ரிட்டயர் ஆனதுலேர்ந்து நாகேஸ்வரராவ் பார்க்லதான். ரெகுலரா வர்ற பாதி பேரோட பேரே தெரியாது, 'குரங்கு குல்லா', 'டிரான்சிஸ்டர்', அப்புறம் எல்லாரும் போற திசைக்கு எதிர்ல வர்ற ஒருத்தர். ரெண்டு நாள் போகலன்னா 'என்ன சார், ஊர்ல இல்லியா'ம்பாங்க. அந்த கேள்விக்காகவே போறேன்னு வெச்சுக்கோங்க. (முடிஞ்சதும் ரெண்டு மெதுவடை சாப்பிடற கோஷ்டியும் உண்டு, அதுல சேராதீங்க.)

மாம்பலம்அக்கா:
நான் வாக்கிங்னு தனியா போனதே இல்லப்பா. மேற்கு மாம்பலத்துலேர்ந்து துரைசாமி சப்வே வழியா பாண்டி பஜார் வரைக்கும் பையோட போவேன், 2019ல அங்க நடைபாதைய அகலமாக்கினதுலேர்ந்து கொஞ்சம் நிம்மதியா நடக்க முடியுது. காலைல போனா வாசல் தெளிச்ச ஈரம் காஞ்சிருக்காது, பூக்காரம்மா முதல் முழத்த அளந்துட்டு இருப்பாங்க, அவங்க முழங்கை எனக்குன்னா கொஞ்சம் நீளும். வண்டில போனா இதெல்லாம் கண்ணுல படுமா?

அப்புறம் சுகருக்கு முக்கியமா ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்கற சர்க்கரைய அதுவே இழுத்துக்கும், சாப்பிட்டதும் சரசரன்னு ஏர்றது குறையும். நானும் வீட்டுக்காரரும் அப்படித்தான் தெரு முனை வரைக்கும் போயிட்டு வரோம், நாங்க போன் இல்லாம பேசிக்கறது அப்போ மட்டும்தான்!

ஓஎம்ஆர்காரன்:
எல்லாம் சரி, எங்க ஏரியாவுல நடைபாதைன்னு ஒண்ணு இருந்தாத்தானே? இருக்கற ரெண்டடியிலயும் பைக் ஏறி வருது, இல்லன்னா பள்ளம், ராத்திரி ஆச்சுன்னா நாய். மழைக்காலத்துல நான் மொட்டைமாடிதான். அக்னி நட்சத்திரத்துல காலைல ஆறரைக்கு மேல வெளிய வராதீங்க.

ஆனா சந்தோஷம்னு கேட்டீங்களே ப்ரோ, ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள ஒரு தடவ ஆமை நடைக்கு வாங்க, கடலாமை கரைல இட்ட முட்டைய தேடி எடுத்து பத்திரப்படுத்தற நடை அது. 1988லேர்ந்து ஸ்டூடண்ட்ஸ் குழு ஒண்ணு நடத்துது, நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடுராத்திரி மணல்ல நடை. முதல் தடவ எனக்கு ஆமையே கண்ணுல படல, டயர் தடம் மாதிரி மணல்ல ஒரு கோடு மட்டும் கடல்லேர்ந்து மேல ஏறி திரும்ப கடலுக்கே போயிருந்துச்சு. அந்த இடத்துல குச்சியால குத்தி பாத்து முட்டைய எடுத்தாங்க, பிங்பாங் பந்து மாதிரியே இருந்துச்சு. கெண்டைக்கால் ரெண்டு நாள் வலிச்சது, அடுத்த வாரமும் போனேன்.

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னாங்களேன்னு நேத்து சாப்பிட்டதும் வாட்ச கழட்டி வெச்சுட்டு செருப்போடயே கிளம்பிட்டேன். கேட்ல வாட்ச்மேன், 'என்ன சார், கரண்ட் போயிடுச்சா?'ன்னு கேக்கறாரு.