வாடகை வீட்டில் ஸ்மார்ட் மீட்டர்: யாரிடம் சம்மதம் கேட்கணும்?

கீழக்கரை மாடிவீடு

கீழக்கரையில் எங்கள் வீடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சர்வீஸ் (மின் இணைப்பு), இரண்டும் என் பெயரில். நான் இருப்பது துபாயில். மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது, கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆள் வராமலே தூரத்திலிருந்து மின்சாரக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் நம் பக்கமும் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. வீட்டு உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் மீட்டரை மாற்ற முடியுமா? முடியாது என்பது என் கட்சி. சுவர் என்னுடையது, டெபாசிட் நான் கட்டியது. வாடகைக்காரர் "சரி, மாட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டால் அது என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?

உச்சிப்புளி வயர்மேன்

காக்கா (உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன்), சுவர் உங்களுடையதுதான். மீட்டர் உங்களுடையதா? 2003 மின்சாரச் சட்டம் 55ஆவது பிரிவு, சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரமே கொடுக்கக் கூடாது என்கிறது. மீட்டரை நீங்களே விலைக்கு வாங்கி வைக்கவும் அதில் வழி இருக்கிறது. நீங்கள் வாங்கவில்லை என்றால் அது மின்வாரியத்தின் பெட்டி. 163ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள். தகுந்த நேரத்தில், குடியிருப்பவரிடம் தகவல் சொல்லிவிட்டு உள்ளே வந்து மீட்டரைச் சோதிக்கலாம், பழுது பார்க்கலாம், மாற்றலாம். விட மறுத்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து இணைப்பைத் துண்டிக்கலாம். அந்தப் பிரிவு முழுக்கக் குடியிருப்பவர், நுகர்வோர் என்றுதான் பேசுகிறது. உரிமையாளர் என்று ஒருவரை அது தேடவே இல்லை.

கீழக்கரை மாடிவீடு

நுகர்வோர் யார் என்று அதே சட்டத்தில் பாருங்கள் தம்பி. மின்சாரம் வாங்குபவர் மட்டும் இல்லை, யாருடைய இடத்தில் இணைப்பு இருக்கிறதோ அவரும் அதில் சேர்த்திதான். அந்த இடம் என்னுடையது. புது இணைப்பு கேட்டு வாடகைக்காரர் போனால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்களா இல்லையா? இணைப்புக்கு நான் வேண்டும், மீட்டருக்கு நான் வேண்டாமா?

தொண்டி குடித்தனம்

அந்தச் சம்மதக் கடிதக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் அண்ணே. உரிமையாளர் ஊரில் இல்லை, அல்லது தர மறுக்கிறார் என்றால், சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, பின்னால் தகராறில் நஷ்டம் வந்தால் நான் பொறுப்பு என்று ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, இரண்டு மடங்கு டெபாசிட் கட்டி வாடகைக்காரரே இணைப்பு வாங்கலாம் என்று தமிழ்நாட்டு மின் விநியோக விதித்தொகுப்பில் இருக்கிறது. அதாவது உங்கள் "முடியாது" அங்கேயே கடைசி வார்த்தை இல்லை.

இன்னொன்று. நாங்கள் இருக்கும் காம்பவுண்டில் மூன்று குடித்தனம், ஒரே சர்வீஸ். ஆளுக்கொரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். 2016இலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை எங்கள் யார் கண்ணிலும் காட்டியதில்லை. அந்தச் சப் மீட்டரை மாட்ட எங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

கீழக்கரை மாடிவீடு

நான் அப்படி வாங்குகிற ஆள் இல்லை அம்மா. தனித்தனி சர்வீஸ் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

பாம்பன் வாடைக்காற்று

ரெண்டு பேரும் சுவரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் ஊரில் மீட்டர் பெட்டியின் கதியைப் பார்த்திருக்கிறீர்களா? கடலைப் பார்த்த சுவர் என்றால் பெட்டியின் கீல் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். நியூட்ரல் முனையில் பச்சைக் களிம்பு பூத்து, ஸ்குரூவைத் திருப்பினால் தலை மட்டும் கழன்று வரும். அதில் சிக்னல் அனுப்பும் கருவியையும், தூரத்திலிருந்தே கரண்டை நிறுத்தும் ரிலேயையும் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? கெட்டால் யார் தலையில் கட்டுவார்கள்? இதைக் கேளுங்கள் முதலில்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரீபெய்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அரசு நிவாரணம் வந்தாலும் வீட்டில் தினக்காசு புரளாது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது, வந்த பிறகும் கட்ட நாள் தருகிறார்கள். அந்த இடைவெளியில்தான் கடன் வாங்கி, சங்கத்தில் கேட்டு, நகையை வைத்துச் சமாளிக்கிறோம். பிரீபெய்டு வந்தால் முதலில் காசு, அப்புறம்தான் கரண்ட். தடைக்காலம் முடிந்து ஆள் ராத்தங்கலுக்குக் கடலுக்குப் போயிருக்கும்போது இருப்பு தீர்ந்தால் வீட்டில் பெண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? துபாயில் இருக்கும் காக்காவுக்கு இது தெரியாது, மாட்ட வருகிறவருக்கும் தெரியாது. சம்மதம் கேட்பதென்றால் பெட்டிக்குக் கேட்க வேண்டாம், இதற்குக் கேளுங்கள்.

உச்சிப்புளி வயர்மேன்

பாம்பன் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. மத்திய மின்சார ஆணையத்தின் மீட்டர் விதிகளிலும், 2020இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகளிலும் ஸ்மார்ட் பிரீபெய்டு என்றே எழுதினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தின் 47ஆவது பிரிவில், பிரீபெய்டு மீட்டரில் மின்சாரம் வாங்கச் சம்மதிப்பவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. பிரீபெய்டுக்கு மாற்றினால் ஏற்கெனவே கட்டிய டெபாசிட்டுக்குக் கணக்குக் கேளுங்கள். ரசீது யார் கையில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் மீட்டரில் நல்லதும் இருக்கிறது. கணக்கெடுக்கப் பத்து நாள் தள்ளிப்போனால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்டில் நிற்க வேண்டியது 560 ஆகிவிடும். 500ஐத் தாண்டினால் 101–200 யூனிட்டுக்கு உள்ள மலிவு விகிதமே போய்விடும். காக்காவின் மேல் வீடு மாதிரிப் பூட்டிய வீடுகளுக்குச் சராசரி போட்டு வரும் பில்லும் நின்றுபோகும். அளவு அதிகமாகக் காட்டுகிறது என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்று வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்கணும் என்று அந்த நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் சொல்கிறது. பழைய மீட்டர்காரர்கள் இதைக் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை.

கீழக்கரை மாடிவீடு

வெளிநாட்டில் இப்படி இல்லை. நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்று கொண்டுவந்த மசோதாவை 2009இல் மேலவையே நிறுத்திவிட்டது. அப்புறம்தான் விருப்பம் இருந்தால் வைத்துக்கொள் என்று மாற்றினார்கள். ஜனங்கள் சும்மா இருந்திருந்தால் நடந்திருக்குமா?

தொண்டி குடித்தனம்

அங்கே நிறுத்தியது சுவருக்காக இல்லை அண்ணே, வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியும் என்ற பயத்துக்காக. அரை மணிக்கொரு தரம், கால் மணிக்கொரு தரம் அளவெடுத்தால் வீட்டில் ஆள் எப்போது எழுந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் எல்லாம் அதில் தெரியும். அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊர் வழக்கில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிக் கால் மணிக் கணக்கு எடுப்பது சோதனை போடுவது மாதிரிதான் என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு, இது நியாயமான சோதனைதான் என்று ஊர் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பும் சொன்னது. நமக்கும் 2017இலிருந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை. ஆனால் யாருடைய அந்தரங்கம்? கீழ் வீட்டில் விளக்குப் போடுவது நீங்களா, குடியிருப்பவரா? சர்வீஸ் உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் கணக்கெல்லாம் உங்கள் போனுக்குத்தான் வரும். துபாயில் உட்கார்ந்துகொண்டு வாடகைக்காரர் எத்தனை மணிக்கு ஏசி போட்டார் என்று பார்க்கலாம். அதற்கு யாரிடம் சம்மதம் கேட்பீர்கள்?

கீழக்கரை மாடிவீடு

பில் கட்டாமல் ஓடிப்போனால் பாக்கி என் வீட்டின் மேல்தானே நிற்கும்? அப்போது நான் பார்க்க வேண்டாமா?

பாம்பன் வாடைக்காற்று

பிரீபெய்டில் பாக்கி எங்கிருந்து வரும் காக்கா? அதில் லாபம் உங்களுக்குத்தான். ராத்திரி இருட்டில் உட்காரப்போவது கீழ் வீட்டுக்காரர்.

தொண்டி குடித்தனம்

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். மீட்டர் மாற்றம், பிரீபெய்டு பற்றி குடியிருப்பவர் முடிவெடுப்பார், உரிமையாளருக்குத் தகவல் சொல்வார். ரீசார்ஜும் உபயோகக் கணக்கும் குடியிருப்பவர் போனில் இருக்கும். நான் அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதைத்தான் கேட்கப்போகிறேன்.

கீழக்கரை மாடிவீடு

தகவல் சொல்வது போதாது. முடிவு இரண்டு பேரும் சேர்ந்து என்று எழுதினால் யோசிக்கிறேன். ரீசார்ஜ் போன் அவர்களிடம் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. மேல் வீட்டு மீட்டரை மட்டும் நான் ஊருக்கு வரும்வரை யாரும் தொடக் கூடாது.

உச்சிப்புளி வயர்மேன்

அந்த மேல் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரையும் நம்பரையும் ஆபீஸில் எழுதிக் கொடுத்து வையுங்கள் காக்கா. நோட்டீஸ் வந்தால் பூட்டிய கதவில்தான் ஒட்டுவார்கள்.