முகத்தைப் பார்க்கும் கேமரா: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

நெடுஞ்சாலைக்காரன்:
எங்கள் நிறுவனத்தில் எல்லா லாரிகளுக்கும் இரட்டைக் கேமரா வரப்போகிறது. ஒன்று சாலையைப் பார்க்கும். இன்னொன்று ஓட்டுபவர் முகத்தைப் பார்க்கும். கண் சொருகினால் இருக்கை அதிரும், கேபினில் ஒலி எழும். வேக வரம்பைத் தாண்டினால் அந்தக் காட்சி உடனே அலுவலகத்துக்குப் போய்விடும். அடுத்த வாரம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நான் இதை எதிர்ப்பவன் அல்ல. என்னோடு ஓட்டிய ஒருவர் விடியற்காலையில், ஓரமாக நின்றிருந்த டிரெய்லரின் பின்புறத்தில் மோதி இறந்துபோனார். சாலையில் பிரேக் பிடித்த தடம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கேபினில் ஏதாவது ஒன்று அவரை எழுப்பியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனால் கேமராதான் புதிதாக வருகிறதே தவிர, சரக்கு போய்ச் சேர வேண்டிய நேரம் மாறவில்லை. கூலியும் நடைக்கு இவ்வளவு என்றுதான் தொடர்கிறது. இந்த நிலையில் கேமரா வேகத்தையும் தூக்கத்தையும் குறைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருவிப்பெட்டி:
இந்தக் கேமராக்களைப் பொருத்துவது என் வேலை. முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இமை எவ்வளவு மூடியிருக்கிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று கருவி அளக்கிறது. இரவிலும் வேலை செய்யும். பெரும்பாலான கறுப்புக் கண்ணாடிகளையும் ஊடுருவும். இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த நேரம் ஒரு நிமிடத்தில் எத்தனை பங்கு என்பதுதான் பலகாலமாக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல்.

பொய் எச்சரிக்கையும் வரும். சிறிய கண் உள்ளவர்கள், எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்குபவர்கள், வேகமானியைக் குனிந்து பார்ப்பவர்கள் இவர்களிடம் கருவி ஏமாறும். ஒவ்வொருவர் உட்காரும் உயரத்துக்கும் கோணத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அவசரத்தில் பொருத்திவிட்டுப் போனால், தேவையில்லாமல் கத்திக் கத்தியே அது மதிப்பிழந்துவிடும். அப்புறம் உண்மையாகக் கத்தும்போதும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. 90 கிலோமீட்டர் வேகத்தில் லாரி நொடிக்கு 25 மீட்டர் போகிறது. நாலு நொடி கண் அயர்ந்தால் 100 மீட்டர், ஓட்டுநர் இல்லாமல் ஓடிய மாதிரிதான். ஒலி அவரை எழுப்பும். இழந்த தூக்கத்தை அது திருப்பித் தராது. சிறிது நேரம் தெளிவாக இருப்பது போலத் தோன்றும், மறுபடியும் சொருகும். எச்சரிக்கை வந்துவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரவுப்பாதை:
நிறுத்தினால் தாமதத்துக்குக் கூலியில் பிடிப்பார்கள். நிறுத்தாவிட்டால் காட்சியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ஓய்வு நேரத்தில் கேபினுக்குள் இருக்கும் படுக்கையில் கிடக்கும்போதும் கேமரா பார்த்துக்கொண்டிருக்குமோ என்ற எண்ணத்திலேயே தூக்கம் வராது. எங்களில் சிலர் முகக் கேமராவின் மேல் டேப் ஒட்டிவிட்டார்கள். அது தவறுதான். ஆனால் ஏன் ஒட்டினார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அனுப்புமேசை:
தம்பி, முன்பு ஓட்டினேன். இப்போது வண்டிகளை அனுப்பும் மேசையில் இருக்கிறேன். கேமரா எழுப்பும் எச்சரிக்கைகள் என் திரையில்தான் வந்து விழுகின்றன.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதை ஓட்டியவர் நிதானமானவர். ஆனாலும் ஒரே தடத்தில், அதிகாலை மூன்று மணியை ஒட்டி, அவருக்குக் கண் சொருகல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதற்குச் சற்று முன்னால் வேக எச்சரிக்கையும் வரும். அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொன்னார்கள். நான் முதலில் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். கிடங்கு வாசலில் மாலையிலிருந்து வண்டி வரிசையில் நிற்கிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்த்துகிறார். பின்னால் படுக்கை இருந்தும் சாய வழியில்லை. நள்ளிரவு தாண்டித்தான் லோடு ஏறுகிறது; போய்ச் சேர வேண்டிய நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. முதலில் வேகம், பிறகு தூக்கம், இரண்டும் அந்த வாசலில் பிறந்தவை. கிடங்குக்காரர்களிடம் பதிவைக் காட்டி, ஏற்றும் நேரத்தை முன்கூட்டியே குறித்துத் தரச் செய்தோம். அந்தத் தடத்தில் எச்சரிக்கை அரிதாகிவிட்டது.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவரை விரட்டி என்ன கிடைக்கும்? 300 கிலோமீட்டரை 80-க்குப் பதில் 90-இல் கடந்தால் மிச்சமாவது 25 நிமிடம். மோதினால் வெளிப்படும் ஆற்றலோ நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். இந்தக் கணக்கை உங்கள் மேலாளர் முன் எழுதிக் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நெடுஞ்சாலைக் கேமராக்கள் லாரியின் எண் பலகையை ஓரிடத்தில் படித்து, தொலைவில் மறுபடியும் படிக்கின்றன. இடைப்பட்ட நேரத்திலிருந்து சராசரி வேகம் தெரிந்துவிடும்; ஓய்வெடுக்க இடைவெளி இருந்ததா என்பதையும் ஊகிக்கலாம். கேமராவைக் கண்டதும் பிரேக்கை மிதித்துவிட்டுப் பிறகு பறப்பது அங்கே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். இப்படி ஓய்வுக்கு ஒரு விதி இருந்தால்தான் கேமராவால் பயன் உண்டு.

படிவத்தில் எழுத்தில் கேளுங்கள்: எச்சரிக்கைக்குப் பின் நிறுத்தினால் கூலி குறையாது, காத்திருப்பு வேலை நேரமாகக் கணக்கிடப்படும், ஓய்வில் முகக் கேமரா அணைந்திருக்கும், காட்சியை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்கப்படும். எச்சரிக்கை வரும்போது அந்த நடைக்கு நேரம் குறித்தவரின் பெயரும் பதிவில் வர வேண்டும். இதை நான் என் மேசைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நெடுஞ்சாலைக்காரன்:
அண்ணா, மிக்க நன்றி. காத்திருப்பு நேரம் எங்களுக்கும் கணக்கில் வருவதில்லை. அதைக் கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. படுக்கை பற்றிய கேள்வியை முதலில் வைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால்தான் டேப் ஒட்ட நினைப்பவர்கள் உட்கார்ந்து பேசவே வருவார்கள். கருவிப்பெட்டி, கோணம் சரியாக இருக்கிறதா என்று நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

கருவிப்பெட்டி:
உண்டு. நிறுத்திய வண்டியில், பொருத்துபவர் சோதனை நிலையில் வைத்ததும், வழக்கமாக உட்காரும் இருக்கை நிலையில் சாய்ந்து கண்ணை மூடுங்கள். சில நொடிகளில் ஒலிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பாருங்கள். அப்போது ஒலிக்கக் கூடாது. பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.