குடியாத்தம் குடும்ப குரூப்: தினேஷ் ஆபரேஷன்

பிரபு: ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. தினேஷ் ஐசியூல இருக்கான். கண்ணு முழிச்சிட்டான், கைய புடிக்கச் சொன்னா புடிக்கிறான். சேகர் மாமா போன்ல சார்ஜ் இல்ல, அதான் நான் போடறேன்

செல்வி பெரிம்மா: கெங்கையம்மா காப்பாத்திட்டா. மாலா எப்டி கீறா? சாப்ட்டாளா?

பிரபு: அத்தை ஐசியூ வாசல்லயே உக்காந்துனு இருக்காங்க. இட்லி வாங்கிக் குடுத்தேன், பொட்டலம் பிரிக்கவே இல்ல

ஜெயந்தி சித்தி: மூளைல கட்டின்னாங்களே. கேன்சரா பிரபு? யாரைக் கேட்டாலும் ஒழுங்கா சொல்ல மாட்றாங்க

பிரபு: கேன்சர் இல்ல சித்தி, சீழ் கட்டி. மண்டையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு ஊசி வழியா சீழ உறிஞ்சி எடுத்தாங்க. மீதிய கவிதா அக்கா எழுந்ததும் கேளுங்க. நைட் டூட்டி முடிச்சு தூங்கறாங்க

வாத்தியார் தாத்தா: *பலமுறை பகிரப்பட்டது* மூளையில் சீழ் ஏன் வருகிறது தெரியுமா? ஃப்ரிட்ஜ் தண்ணீர்! ஏசி காற்று! இரவில் தலைக்குக் குளிப்பது! பப்பாளி இலைச் சாறு மூன்று நாள் குடித்தால் கரைந்துவிடும். 10 பேருக்கு அனுப்பவும்.

பிரபு: தாத்தா இதை டெலீட் பண்ணுங்க ப்ளீஸ். அத்தை பாத்தா உண்மைனு நம்பிடுவாங்க

வாத்தியார் தாத்தா: எனக்கு வந்ததை அனுப்பினேன். மருத்துவமனையைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நமது வேலூர் சிஎம்சியில்தான் தொடங்கினார்.

பிரபு: இதை ஃபார்வர்ட் பண்ணுங்க தாத்தா 👍

கவிதா அக்கா: எழுந்துட்டேன். தாத்தா, ஃப்ரிட்ஜ் தண்ணியால மூளைல சீழ் வராது. தினேஷுக்கு வந்தது காதுலேர்ந்து. அவனுக்கு இடது காதுல சின்ன வயசுலேர்ந்து சீ வடியுமே, ஞாபகம் இருக்கா?

செல்வி பெரிம்மா: ஐயே அது எல்லாப் பசங்களுக்கும் தான் வடியுது. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெ காய்ச்சி ரெண்டு சொட்டு வுட்டா நின்னுடும். உனக்கே வுட்டுருக்கேன்

கவிதா அக்கா: அம்மா எனக்கு வந்தது சளி புடிச்சா வர்ற காது வலி. அது வேற. வருஷக்கணக்கா நாத்தத்தோட சீ வந்தா உள்ள தோல் உருண்டு வளந்து எலும்ப அரிக்குதுன்னு சந்தேகப்படணும். காதுக்கு மேல மூளை இருக்கு. நடுவுல இருக்கற எலும்பு சில எடத்துல முட்டை ஓடு மாதிரி தான். அது அரிச்சுப் போனா கிருமி மேல ஏறி பக்கவாட்டு மூளைக்குப் போகும். பின்பக்கம் போனா சிறுமூளைக்கு. மொதல்ல அந்த எடம் வீங்கும், அப்புறம் நடுவுல சீழ் கட்டும், சுத்தி ஒரு தோல் உறை வரும். இவனுக்கு மேல ஏறியிருக்கு

சேகர் மாமா: சார்ஜ் போட்டுட்டேன். காதுக்கு நம்ம ஊர் டாக்டர் ஒருத்தர் கிட்ட தான் காட்டினோம் கவிதா. போறப்பலாம் சொட்டு மருந்து எழுதிக் குடுப்பார். ஸ்கேன் எடுக்கச் சொல்லவே இல்ல. தலைவலிக்கு ஒத்தைத் தலைவலின்னு மாத்திரை குடுத்தாரு

ஜெயந்தி சித்தி: ஜுரம் கூட இல்லியே அண்ணா அவனுக்கு

கவிதா அக்கா: அதான் ஏமாத்தும் சித்தி. பாதிப் பேருக்கு ஜுரமே இருக்காது. தலைவலி, ஜுரம், கை கால் இல்ல பேச்சு குறையறது, மூணும் சேந்து வரும்னு புக்ல இருக்கும். எங்க வார்டுல மூணும் சேந்து வர்றவங்க கம்மி. பெரும்பாலும் தலைவலி, வாந்தி, தூங்கித் தூங்கி வழியறது. சில பேருக்கு ஃபிட்ஸ் வந்தப்புறம் தான் தெரியும்

மாலா அத்தை: (வாய்ஸ் மெசேஜ், பிரபு டைப் பண்ணது) ஒரு வாரமா பேச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. தண்ணி டம்ளர காட்டி அது குடு, அது குடுன்றான். பேர் வர மாட்டேங்குது. வெளையாட்றான்னு நெனச்சேன். வலது பக்கம் கதவு நிலையில இடிச்சுனே போவான். அப்புறம் ராத்திரி ஃபிட்ஸ் வந்துச்சு

கவிதா அக்கா: அத்தை நீங்க சொன்னது ரெண்டும் கட்டி இருக்கற எடத்தோட சரியா பொருந்துது. இடது பக்கம் பொருளுக்குப் பேர் தேடற எடம். பக்கத்துலயே, ரெண்டு கண்ணுலயும் வலது பக்கம் தெரியறதுக்கான நரம்பு. சீழ் வெளிய வந்துட்டதால ரெண்டும் மெதுவா சரியாக வாய்ப்பு இருக்கு, ஆனா நாளாகும். இப்ப பேர் வரலன்னா திட்டாதீங்க

செல்வி பெரிம்மா: எதிர்வீட்டுப் பொண்ணுக்கு மூளைக் காச்சல் வந்தப்ப முதுகுல தண்ணி எடுத்தாங்க. இவனுக்கு ஏன் எடுக்கல? வுட்டுட்டாங்களா?

கவிதா அக்கா: வேணும்னே தான் எடுக்கலம்மா. கட்டி இருந்தா மண்டைக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி. கீழ தண்ணி எடுத்தா மூளை கீழ இறங்கி மூச்சு நடக்கற எடத்தை நசுக்கிடும். அதனால மொதல்ல ஸ்கேன். மருந்து ஏத்தி எடுத்த ஸ்கேன்ல வளையம் மாதிரி வெள்ளையா தெரியும், நடுவுல கருப்பா இருக்கும். ஆனா டிபி கட்டியும் வளையம்தான், புழுக் கட்டியும் வளையம்தான், சில கேன்சரும் வளையம்தான். அதுக்குத்தான் எம்ஆர்ஐ. சீழா இருந்தா அதுல ஒரு வகைப் படத்துல பளிச்சுனு தெரியும்

பிரபு: புழுவா?? பன்னிக்கறி சாப்ட்டா வரும்னு சொல்வாங்களே அதுவா

கவிதா அக்கா: அந்தக் கறி சரியா வேகாம சாப்ட்டா குடல்ல நாடாப்புழு வரலாம். மூளைக்குப் போறது அந்தப் புழுவோட முட்டை பொரிஞ்சு வர்ற குட்டிப் புழு. அந்த முட்டை, குடல்ல புழு இருக்கறவங்க மலத்துலேர்ந்து கீரை, தண்ணி, கழுவாத கை வழியா அடுத்தவங்க வாய்க்குள்ள போகும். சுத்த சைவத்துக்கும் வரும். நம்ம பக்கம் ஃபிட்ஸ்க்கு அது ஒரு பெரிய காரணம். சின்ன வளையம் 20 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா புழுவா டிபியான்னு பிரிக்கற கணக்க எழுதினதே சிஎம்சி டாக்டருங்க தான். தாத்தா இதையும் சேத்துக்கோங்க

வாத்தியார் தாத்தா: குறித்துக்கொண்டேன்.

சேகர் மாமா: இவனுது 4 சென்டிமீட்டர்னு சொன்னாங்கம்மா

கவிதா அக்கா: ஆமா மாமா, 2.5-க்கு மேல போனா பெரும்பாலும் ஊசி போட்டு எடுத்துடுவாங்க. சின்னதா இருந்தா வெறும் மருந்துல பாப்பாங்க. எடுத்த சீழ லேபுக்கு அனுப்பியிருப்பாங்க, எந்தக் கிருமின்னு தெரிஞ்சா மருந்த மாத்துவாங்க. அதுவரைக்கும் செஃப்ட்ரியாக்ஸோன், மெட்ரோனிடசோல் மாதிரி ரெண்டு மூணு சேத்துப் போடுவாங்க

சேகர் மாமா: எத்தனை நாள் இருக்கணும்?

கவிதா அக்கா: ஊசி மருந்தே 6 வாரம், சில பேருக்கு 8. நடுவுல ஸ்கேன் எடுத்து பாத்துனே இருப்பாங்க. மறுபடி சீழ் சேந்தா மறுபடி எடுப்பாங்க, அதுக்கு பயந்துடாதீங்க. நல்லாயிட்டான்னு பாதியில வீட்டுக்கு இட்டுனு வர்ற வேலை மட்டும் வேணாம். அப்புறம் காது ஆபரேஷன். அத சுத்தம் பண்ணலன்னா திரும்ப வரும்

ஜெயந்தி சித்தி: உயிருக்கு ஒண்ணும் இல்லியே கவி?

கவிதா அக்கா: ஸ்கேன் இல்லாத காலத்துல 100-க்கு 40 பேர் போயிடுவாங்க. இப்ப 10 கிட்ட வந்துருக்கு. கட்டி உள்ள ஒடைஞ்சு மூளைத் தண்ணி அறையில கொட்டினா தான் ரொம்ப ஆபத்து. இவனுக்கு அது ஆகல

பிரபு: மாமா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்ல எங்க இருக்கு? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. இந்த ஆஸ்பத்திரில, இந்த ஆபரேஷனுக்கு எடுப்பாங்களான்னு கவுண்டர்ல கேக்கறேன்

சேகர் மாமா: பீரோல, ரேஷன் கார்டோட

ஜெயந்தி சித்தி: கவி, எங்க அக்கா பேரனுக்கு இதயத்துல ஓட்டை, ஒதடு நீலமா இருக்கும். அவனுக்கும் இது வருமா?

கவிதா அக்கா: வர வாய்ப்பு மத்தவங்களை விட ஜாஸ்தி சித்தி. ரத்தம் நுரையீரல்ல வடிகட்டாம நேரா மேல போயிடுது. பல்லு சொத்தை விடக் கூடாது. தலைவலியோட வாந்தி, ஜுரம் வந்தா அன்னிக்கே இதய டாக்டர் கிட்ட சொல்லணும். பல்லு, சைனஸ், நுரையீரல் சீழ், தலையில அடி, இதுலேர்ந்தும் வரும். சில பேருக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னே கடைசி வரை தெரியாது

செல்வி பெரிம்மா: பசங்க பாக்க வரப்போ அவனுக்கு பீர் கீர் வாங்கினு வரப்போறாங்க

கவிதா அக்கா: 😂 மெட்ரோனிடசோல் ஓடறப்ப சொட்டு கூட கூடாதும்மா. கால் மரமரன்னு இருந்தா நர்ஸ் கிட்ட சொல்லச் சொல்லுங்க, அந்த மருந்து ரொம்ப நாள் போட்டா வரும். ஃபிட்ஸ் மாத்திரைய டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் பைக், கெணத்துல குளிக்கறது எதுவும் வேணாம்

மாலா அத்தை: பைக் சாவிய நானே வெச்சிக்கறேன்

ரேவதி அண்ணி: கவிதா அண்ணி, இவ்ளோ நேரம் படிச்சுனே இருந்தேன். யாழினிக்கும் காதுல தண்ணி மாதிரி வருது. தலையணைல ஒட்டுது, நாத்தமும் இருக்கு. டிவி சவுண்டு ஏத்தி ஏத்தி வெக்கறா

கவிதா அக்கா: எவ்ளோ நாளா ரேவதி?

ரேவதி அண்ணி: போன பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து. நின்னு நின்னு வருது

கவிதா அக்கா: பயப்படாத, ஆனா தள்ளிப் போடாத. காது மூக்கு தொண்டை டாக்டர் மைக்ரோஸ்கோப் வெச்சு உள்ள பாக்கணும், கேக்கற டெஸ்ட்டும் எடுக்கணும். அதுவரைக்கும் எண்ணெ, பட்ஸ் எதுவும் போடாத. தலைக்கு ஊத்தறப்ப பஞ்சுல வாசலின் தடவி அடைச்சுடு

செல்வி பெரிம்மா: என்னைப் பாத்துதான் எண்ணெ சொல்றா

பிரபு: அண்ணி, நாளைக்குக் காலைல அத்தைக்குத் துணி, காப்பீட்டு அட்டை எடுக்க நான் குடியாத்தம் வரேன். திரும்பறப்ப யாழினிய இட்டுனு போலாம். 6 மணிக்கு ரெடியா இருங்க, ஓபி சீட்டு சீக்கிரம் போட்டாதான் கெடைக்கும்

ரேவதி அண்ணி: சரி பிரபு. ஸ்கூலுக்கு லீவ் சொல்லிடறேன்